ஜிடி-யா ஃபோர்ஸா-வா: ஸ்க்ரீன்ஷாட்ட விடுங்க, ரோட்ட பாருங்க

எங்க க்ரூப்ல மாசத்துக்கு ஒரு தடவையாவது இந்த சண்டை வந்துரும். ஒருத்தன் சோனி பிளேஸ்டேஷனோட (பிஎஸ்) கார் ரேஸ் கேம் கிரான் டூரிஸ்மோ 7 (சுருக்கமா ஜிடி7) ஸ்க்ரீன்ஷாட் போடுவான், அஞ்சு நிமிஷத்துல இன்னொருத்தன் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸோட ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் ஸ்க்ரீன்ஷாட் போட்டு "இது எப்டி இருக்கு"ன்னு கேப்பான், அப்புறம் ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஹெட்லைட்டுக்குள்ள பல்பு தெரியுதா, பிரேக் காலிபர்ல பேரு படிக்க முடியுதான்னு ஜூம் பண்ணி ஜூம் பண்ணி அடிச்சுக்குவாங்க. ரெண்டு கன்சோலும் கிடைக்கிற எடத்துல ரெண்டையும் நெறைய வெளாண்டிருக்கேன், அதனால என் கருத்த ஒரே எடத்துல முழுசா எழுதிடலாம்னு தோணுச்சு. ஒரு ரேஸிங் சிம்ல, அதாவது நிஜ கார் ஓட்டுற மாதிரியே செஞ்ச கேம்ல, கிராஃபிக்ஸ் நல்லா இருக்கான்னு காரை பாத்து முடிவு பண்ணவே கூடாது, ரோட்ட பாத்துதான் முடிவு பண்ணணும். கார் ஓட்டுறப்போ நம்ம கண்ணு நம்ம காரையா பாக்குது? அடுத்த வளைவு, தார் கலரு, ஈரம் இருக்கா, வளைவுக்கு இன்னும் எவ்ளோ தூரம்னு சொல்ற பிரேக் போர்டு எங்க, இதத்தான் தேடிக்கிட்டே இருக்கு. அங்க எந்த கேம் நமக்கு சரியா தகவல் குடுக்குதோ அதுதான் நிஜத்துக்கு கிட்ட இருக்கு.

பழைய கதைய கொஞ்சம் சொல்லிடுறேன், ஏன்னா இந்த சண்டையோட வேரு அங்கதான் இருக்கு. முதல் கிரான் டூரிஸ்மோ 1997 டிசம்பர்ல ஜப்பான்ல வந்துச்சு, கஸுனோரி யமாவுச்சியும் அவரோட டீமும் பண்ணது, அந்த டீம்தான் அப்புறம் பாலிஃபோனி டிஜிட்டல் ஆச்சு. நம்ம சென்னைல நெறைய பேருக்கு அது பர்மா பஜார்ல வாங்குன டிஸ்க் வழியாத்தான் அறிமுகம், பீச் ஸ்டேஷன் பக்கம் எறங்கி அந்த கடை வரிசைல நின்னு ஜிடி3 இருக்கா ஜிடி4 இருக்கான்னு கேட்ட தலைமுறை நாங்க. ஜிடி வரிசைல ஜிடி4-லதான் ஜெர்மனியோட நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃப் ட்ராக்க வீட்டு டிவில முழுசா ஓட்ட முடிஞ்சுது, 20.8 கிலோமீட்டர், ஒரு ரவுண்டு முடிக்கிறதுக்குள்ள கை வேர்த்துரும். மைக்ரோசாஃப்ட் சும்மா இருக்குமா, டர்ன் 10 ஸ்டுடியோவ வச்சு 2005-ல ஃபோர்ஸாவ எறக்குனாங்க, ஜிடி-ல இல்லாத டேமேஜ், நம்மளே காருக்கு டிசைன் வரையுறது, ஆன்லைன்னு முதல் பார்ட்லயே எல்லாம் குடுத்துட்டாங்க.

உண்மையான சண்டை சூடு புடிச்சது பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360 காலத்துலதான். 2009-ல ஃபோர்ஸா 3 வந்துச்சு, நானூறு காருக்கு மேல, எல்லா காருக்கும் உள்ள உக்காந்து ஓட்டுற வியூ, படத்தோட தெளிவு 720பி-தான், ஆனா நொடிக்கு 60 படம் (ஃப்ரேம்) அசையாம நிக்கும். அடுத்த வருஷம் நவம்பர்ல ஜிடி5. ஆயிரம் காருக்கு மேலன்னு பெருசா சொன்னாங்க, ஆனா அதுல கால்வாசிக்கும் கம்மியானதுதான் ப்ரீமியம், மிச்சமெல்லாம் ஸ்டாண்டர்டுங்கற பேர்ல பழைய பிஎஸ்2, பிஎஸ்பி மாடல எடுத்து ஏத்திவிட்டது. ஒரு ப்ரீமியம் காரும் ஒரு ஸ்டாண்டர்டு காரும் பக்கத்துல பக்கத்துல நின்னா பல்லிளிச்சுரும். ஆனா அந்த ப்ரீமியம் கார் ஒவ்வொண்ணும், அடேங்கப்பா, ஒரு கார் செய்ய ஆறு மாசம் ஆகுதுன்னு யமாவுச்சி சொன்னத அப்போ யாரும் நம்பல, கிட்ட போய் பாத்தா நம்பாம இருக்க முடியாது, சீட்டோட தையல் வரைக்கும் எடுத்திருப்பாங்க. 1080பி மோடுல அது ரெண்டரிங் பண்றது 1280க்கு 1080, கூட்டம் ஜாஸ்தியானா ஃப்ரேம் விழும், ஸ்க்ரீன் கிழியும், நிழலோட ஓரமெல்லாம் படிக்கட்டு படிக்கட்டா தெரியும். ஃபோர்ஸா 4 2011-ல வந்தப்போ ஆட்டோவிஸ்டா வச்சு காரை சுத்தி நடந்து கதவ திறந்து பாக்கலாம்னாங்க, அதுவும் செம. அப்போ ஃபோர்ஸா பக்கம் சீரா எல்லாமே நல்லா இருக்கும், ஜிடி பக்கம் சிலது உச்சத்துல சிலது பாதாளத்துல. அந்த தலைமுறைல மொத்த பேக்கேஜா பாத்தா ஃபோர்ஸா 4தான் ஜெயிச்சதுன்னு இன்னைக்கும் சொல்வேன்.

ஆனா அப்பவே ஒரு விஷயத்துல ஜிடிய யாராலயும் தொட முடியல, அது வெளிச்சம்.

இத கொஞ்சம் வெளக்கமா சொல்லணும். ஃபோர்ஸா 5, 6 எல்லாம் எக்ஸ்பாக்ஸ் ஒன்ல 1080பி 60 ஃப்ரேம்ல வந்தப்போ பாக்க பிரமாதமா இருந்துச்சு, ஆனா எல்லா காரும் கல்யாண மண்டபத்து வாசல்ல பாலிஷ் போட்டு நிறுத்துன கார் மாதிரியே பளபளன்னு இருக்கும். ரேஸ்ல பத்து ரவுண்டு ஓடுன கார் அப்படி இருக்காது. வானம் ஒரு நீலம், புல்லு ஒரு பச்சை, எல்லாத்துலயும் கலர் ஒரு படி கூட. பாலிஃபோனி வேற வழில போனாங்க, ஜிடி7-க்கு முந்துன ஜிடி ஸ்போர்ட்லேந்து நிஜ உலகத்துல வெளிச்சம் எவ்ளோ பிரைட்டா இருக்கு, ஒரு காரோட நிஜ பெயிண்ட் கலர் டிவில காட்டுற கலர் எல்லைக்கு வெளிய எவ்ளோ போகுதுன்னு அளந்து, வெளிச்சத்தோட ஏத்த எறக்கத்த டிவில நெறைய காட்டுற எச்டிஆருக்காகவே அடியிலேந்து வேலை பண்ணாங்க. அதோட பலன் ஜிடி7-ல தெரியும். சாயங்காலம் வெயில் சாய்ஞ்சு நேரா முகத்துல அடிக்கிறப்போ ரோட்டோட சொரசொரப்பு மேல வெளிச்சம் படுத்துக்கிட்டு தார் வெள்ளையா தெரியும், பிரேக் போர்டு கருப்பு நிழலா மட்டும் நிக்கும், நீங்க கண்ண சுருக்கிட்டு ஒரு நொடி முன்னாடியே பிரேக் மிதிப்பீங்க. ஓஎம்ஆர்ல சாயங்காலம் மேக்கால திரும்புற சிக்னல்ல நின்னு பாத்தவங்களுக்கு அந்த வெளிச்சம் என்னன்னு தெரியும். கேமுக்குள்ள அது என் காலை மாத்துது பாருங்க, அதத்தான் நான் கிராஃபிக்ஸ்னு சொல்றேன்.

ரே ட்ரேசிங், அதாவது வெளிச்சம் பட்டுத் திரும்புறத கணக்கு போட்டு படம் வரையுறது, அது பத்தி நெறைய கொழப்பம் ஓடுது, அதையும் சொல்லிடுறேன். பிஎஸ்5-ல ஜிடி7-ல ரே ட்ரேசிங் இருக்குன்னு சொல்றது ரீப்ளே, கராஜ், போட்டோ எடுக்குற ஸ்கேப்ஸ் இதுலதான், ஓட்டுறப்போ கெடையாது. 2024 நவம்பர்ல பிஎஸ்5 ப்ரோ வந்தப்புறம்தான் ஓட்டுறப்பவும் ரே ட்ரேசிங் போட்டுக்கலாம்னு ஆப்ஷன் வந்துச்சு. 2023 அக்டோபர்ல வந்த ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்ல சீரிஸ் எக்ஸ்ல ஓட்டுறப்பவே 60 ஃப்ரேம்ல ரே ட்ரேசிங் மோடு இருந்துச்சு, பக்கத்து காரோட பிம்பம் நம்ம கதவுல ஓடுறது தெரியும், அது டர்ன் 10-க்கு நியாயமா சேர வேண்டிய பெருமை. ஆனா அதே கேம்ல அடியிலேந்து புதுசா கட்டுனதுன்னு விளம்பரம் பண்ணிட்டு நெறைய கார் மாடல் பழைய பார்ட்லேந்து அப்டியே வந்திருந்துச்சு, ரசிகர்கள் சும்மா விடல, கண்ணாடி, கிரில்லு, பேனல் இடுக்குன்னு ஒண்ணொண்ணா எடுத்து வச்சு காட்டுனாங்க. எனக்கு அது பெரிய வருத்தம், ஏன்னா அந்த கேமோட ட்ராக் எல்லாம் அவ்ளோ அழகு, மரம், கூட்டம், ஸ்டாண்டு, புல்லு ஓரம் எல்லாம் ஜிடி7 ட்ராக்க விட உயிரோட இருக்கு. ஜிடி-ல ட்ராக் ஓரத்து மரத்த இன்னைக்கும் நின்னு பாக்க முடியாது, பாலிஃபோனி அதுல மனசே வைக்கல.

இப்போ மழைக்கு வரேன், எனக்கு ரொம்ப புடிச்ச எடம்.

2015-ல ஃபோர்ஸா 6 வந்தப்போ மழை கொண்டு வந்தாங்க. மழை ஆரம்பிக்காது நிக்காது, ரேஸ் முழுக்க ஒரே மழைதான், ஆனா ட்ராக்ல குட்டை தேங்குற எடம் எல்லாம் எடம் பாத்து வச்சிருந்தாங்க. அந்த குட்டைல ஒரு பக்கத்து டயரு எறங்குச்சுன்னா ஸ்டியரிங் உங்க கைல இல்ல, டயருக்கும் ரோட்டுக்கும் நடுவுல தண்ணி புகுந்து கார் மெதக்குது, கன்ட்ரோலர் பேடுல வெரல் வைக்கிற ட்ரிக்கர் ரெண்டும் வேற வேற மாதிரி உதறும். ரெண்டு ரவுண்டுல குட்டை எங்கெங்க இருக்குன்னு மனப்பாடம் ஆயிடும், அதுக்கப்புறம் லைன மாத்தி ஓட்ட ஆரம்பிச்சுருவீங்க. அடையாறு, வேளச்சேரி பக்கம் நவம்பர்ல வண்டி ஓட்டுறவங்க தண்ணி தேங்குற எடத்த தெருத் தெருவா மனசுல வச்சிருப்பாங்கல்ல, அந்த அறிவு அப்டியே அங்க வேலை செஞ்சுது, எனக்கு அது பயங்கர சந்தோஷம்.

ஜிடி7 மழைய வேற மாதிரி யோசிச்சிருக்கு. ஸ்பா-ஃப்ரான்கோர்ஷாம்ப்ஸ எடுத்துக்கங்க, பெல்ஜியத்துல ஏழு கிலோமீட்டர் ட்ராக், ஆர்டென் காட்டுக்குள்ள. ஸ்க்ரீன் கீழ ரேடார்ல மேகம் நகந்து வர்றது தெரியும், ட்ராக்ல எவ்ளோ தண்ணி இருக்குன்னு ஒரு மீட்டர் இருக்கும். மழை நின்னப்புறம்தான் வேடிக்கை. எல்லா காரும் போற லைன் மட்டும் மெதுவா காயும், மொதல்ல சாம்பல் கலர்ல ஒரு கோடு மாதிரி, அப்புறம் ரெண்டு ரவுண்டு கழிச்சு அகலமாகும், அதுக்கு வெளிய எல்லாம் இன்னும் கருப்பா மினுங்கிட்டு இருக்கும். அங்க கெம்மெல் ஸ்ட்ரெய்ட்டுங்கற நேர் ரோட்டுல முன்னாடி போறவன் பின்னாலயே வந்து அது முடியுற லே கோம்ப்ஸ் வளைவுல உள்ள புகுந்து முந்தணும்னா அந்த காஞ்ச கோட்ட விட்டு வெளிய வரணும், வெளிய ஈரம், அங்க பிரேக் மிதிக்கிற எடம் பத்து மீட்டர் முன்னாடி வந்தாகணும், இல்லன்னா நேரா போயிருவீங்க. எந்த எடத்துல எவ்ளோ கிரிப்புன்னு உங்களுக்கு சொல்றதுக்கு ஸ்க்ரீன்ல அம்புக்குறி எதுவும் வராது, தாரோட கலரு மட்டும்தான். கண்ணு பாக்குறதும் டயரு உணர்றதும் ஒண்ணா இருக்கு, கலர் பொய் சொல்லல. இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் ஜிடி7 கட்சி.

மழைன்னு பேசிட்டு ட்ரைவ்க்ளப்ங்கற கேம சொல்லாம போனா பாவம். 2014-ல பிஎஸ்4-ல வந்துச்சு, அந்த வருஷ கடைசில அப்டேட்ல மழை குடுத்தாங்க, கண்ணாடில விழுற துளி கார் திரும்புற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமா ஓடும், பிரேக் அடிச்சா முன்னாடி சரியும், வைப்பர் தள்ளுன தண்ணி ஓரத்துல கோடா நிக்கும். அதுல இந்தியா ரோடும் இருந்துச்சு. அழகுன்னா அப்டி ஒரு அழகு. ஆனா 30 ஃப்ரேம். செஞ்ச எவல்யூஷன் ஸ்டுடியோவையே 2016-ல மூடிட்டாங்க, 2020 மார்ச்சோட சர்வரும் போச்சு. சிம் கெடையாது அது, இருந்தாலும் இன்னைக்கு வரைக்கும் கண்ணாடி மேல தண்ணி ஓடுறத அத விட நல்லா பண்ண கன்சோல் கேம் நான் பாக்கல.

30 ஃப்ரேம்னு சொன்னேன்ல, அத ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றோம்னு நெறைய பேருக்கு புரியுறதில்ல, படம் நல்லா இருந்தா போதாதான்னு கேக்குறாங்க. கணக்கு போட்டு பாருங்க. 200 கிலோமீட்டர் வேகத்துல ஒரு நொடிக்கு கிட்டத்தட்ட 55 மீட்டர் போறீங்க. 30 ஃப்ரேம்னா ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல கார் 1.85 மீட்டர் தாண்டிருது, 60 ஃப்ரேம்னா ஒரு மீட்டருக்கும் கம்மி. பிரேக் மிதிக்க வேண்டிய எடம் நூறு மீட்டர் போர்டுக்கு ஒரு மீட்டர் முன்னயா பின்னயான்னு பாக்குற வேலைல இது சின்ன விஷயமே இல்ல. அசெட்டோ கோர்ஸா காம்பெடிசியோனே 2020-ல பிஎஸ்4-க்கு 30 ஃப்ரேம்ல வந்துச்சு, டயரு, சஸ்பென்ஷன் வெவகாரத்துல ஜிடி-யும் ஃபோர்ஸாவும் அது கிட்ட நிக்க முடியாது, ஆனா ஓட்டுறதுக்கு கஷ்டமா இருந்துச்சு. 2022 பிப்ரவரில பிஎஸ்5-க்கு 60-ல வந்தப்புறம் அதே கேம் வேற கேம் ஆயிடுச்சு. கன்சோல்ல சுத்தமான சிம் வேணும்னா நான் கைகாட்டுறது அதத்தான், ஆனா ஜிடி3-ங்கற ரேஸ் கார் பிரிவு (மேல சொன்ன ஜிடி3 கேம் இல்ல) மாதிரி கொஞ்ச வகைதான் இருக்கும், மாருதில ஆரம்பிச்சு மெக்லாரன் வரைக்கும் ஓட்டணும்னு ஆசைப்படுறவங்களுக்கு அது பத்தாது.

கைக்கு வர்ற உணர்வையும் பேசணும். ஃபோர்ஸா 2023-ல ஒரு டயருக்கு ரோட்டோட எட்டு எடத்துல தொடர்பு, நொடிக்கு 360 தடவ கணக்குன்னு சொன்னாங்க, முன்னாடி ஒரே ஒரு எடத்துல தொட்டதா கணக்கு போட்டுட்டு இருந்தாங்க. ட்ராக் ஓரத்து மேடான கெர்ப் மேல ஏறுறப்போ அந்த வித்தியாசம் நல்லா தெரியும், முன்ன மாதிரி தூக்கி அடிக்காது. ட்ராக் சூடு, ரப்பர் படியுறது எல்லாம் கிரிப்ப மாத்துது. பேடுல ஓட்டுறதுக்கு என்னைக்குமே ஃபோர்ஸாதான் சுகம், 2013-லயே ட்ரிக்கர்ல மோட்டார் வச்சு பிரேக் லாக் ஆனா இடது வெரல், சக்கரம் சுழண்டா வலது வெரல்னு தனித்தனியா சொல்லிட்டாங்க. பிஎஸ்5 பேடுல பிரேக் ட்ரிக்கர் கெட்டியாகும், ஏபிஎஸ் வேலை செய்யுறப்போ திருப்பித் தள்ளும், அதுவும் நல்லாத்தான் இருக்கு. ஆனா வீல் போட்டு உக்காந்துட்டா கதை மாறுது. வேளச்சேரில ஒரு ஃப்ரெண்டு வீட்ல லாஜிடெக் வீல டைனிங் டேபிள்ல க்ளாம்ப் பண்ணி ஓட்டுவோம், ஜிடி7-ல முன் சக்கரத்துக்கு எடை ஏறுறது எறங்குறது ஸ்டியரிங்ல அவ்ளோ தெளிவா வரும், பிரேக்க மெதுவா விட்டுக்கிட்டே திருப்புனா மூக்கு உள்ள போறது கைல தெரியும்.

சத்தத்துல ஃபோர்ஸாதான். ஜிடி5 காலத்துல எல்லா காரும் வேக்கம் கிளீனர் மாதிரி கத்துதுன்னு ஊரே சொல்லுச்சு, ஜிடி ஸ்போர்ட்லேந்து நெறைய தேறிட்டாங்க, ஆனா எக்ஸாஸ்ட் வெடிக்கிற அந்த முரட்டுத்தனம் இன்னும் வரல. அடிபடுறதுலயும் ஜிடி ரொம்ப பின்னாடி, 200-ல செவுத்துல மோதுனா சின்ன நசுக்கல், கொஞ்சம் கீறல், அவ்ளோதான்.

கூட ஓடுற கார்களையும் நிஜத்துல சேத்துக்கணும்னு நான் நெனைக்கிறேன். சோனி ஏஐ பண்ண சோஃபிங்கற கம்ப்யூட்டர் ட்ரைவர் 2023-ல ஜிடி7-க்குள்ள வந்துச்சு, அது கூட ஓட்டுறப்போ உள் லைன மூடுறது, கதவோட கதவா ஒட்டி வளைவு முழுக்க எடம் விட்டு நிக்கிறதுன்னு மனுஷன் கூட ஓட்டுற மாதிரியே இருக்கும். ஃபோர்ஸாவோட ட்ரைவட்டார், அதாவது மத்தவங்க ஓட்டுறத பாத்து கத்துக்குற கம்ப்யூட்டர் ட்ரைவர், நல்ல யோசனை, ஆனா முதல் வளைவுல எல்லாரும் ஒண்ணா பிரேக் அடிச்சு குவியுற பழக்கம் போகல.

இதெல்லாம் எத வச்சு சொல்றேன்னா, இருங்காட்டுக்கோட்டைல ரேஸ் பாக்குறத வச்சுத்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அந்த 3.7 கிலோமீட்டர் ட்ராக், 1990-லேந்து இருக்கு, அதுக்கு முன்னாடி சோழாவரம் பழைய ஏர்ஸ்ட்ரிப்ல ஓடுனாங்க. ரேஸ் இருக்குற ஞாயித்துக்கெழமை போய் மெயின் ஸ்ட்ரெய்ட் முடியுற எடத்துல நின்னு பாருங்க. வெயில் மண்டைய பொளக்கும், தார் மேல காத்து நெளியும், அதுக்குள்ளேந்து காரோட உருவம் மொதல்ல ஆடிக்கிட்டே வந்து அப்புறம்தான் ஒரு வடிவத்துக்கு வரும். டூரிங் கார் ரேஸ்ல பழைய எஸ்டீம், சிட்டி எல்லாம் பிரேக் அடிக்கிறப்போ மூக்கு குத்தி பின் சக்கரம் லேசாகி வாலை ஆட்டும், உள்பக்க சக்கரம் கெர்ப்ல தொங்கும். ஒத்த சீட்டு ரேஸ் காரான எல்ஜிபி ஃபார்முலா 4 அதே எடத்துல ஒட்டிக்கிட்டே போயிரும். ரேஸிங் லைன் கருகருன்னு ரப்பர் பூசி இருக்கும், அதுக்கு வெளிய டயர்லேந்து உதிந்த துண்டும் தூசியுமா கெடக்கும், அங்க போன கார் வழுக்குறது நமக்கு கண்ணால தெரியும். காரோட பெயிண்டு பளபளப்பு அங்க யாருக்கும் ஞாபகமே வராது.

அந்த ட்ராக் ரெண்டு கேம்லயும் இல்ல, அது என் நெஞ்சுல இருக்குற கொறை. நரேன் கார்த்திகேயன் 2005-லயும் கருண் சந்தோக் 2010-லயும் ஃபார்முலா 1 வரைக்கும் போனாங்க, 2024-ல தீவுத்திடல சுத்தி 3.5 கிலோமீட்டர்ல ராத்திரி ஸ்ட்ரீட் ரேஸே நடந்துச்சு, 2025 ஜனவரில அஜித் டீம் துபாய் 24 மணி நேர ரேஸ்ல அவங்க பிரிவுல மூணாவது வந்தப்போ இங்க ராத்திரி பூரா முழிச்சு பாத்தாங்க. இவ்ளோ ரசிகர் இருக்குற ஊருக்கு ஒரு ட்ராக் குடுக்கலாம்ல. மழை நாள்ல நேப்பியர் பாலத்து பக்கம் லைட்டெல்லாம் ஈர ரோட்டுல வழிய, ஜிடி7-ஓட வெளிச்சத்துல அத ஓட்டணும்னு எனக்கு அவ்ளோ ஆசை.

எத வாங்கலாம்னு கேக்குறவங்களுக்கு நேரா சொல்லிடுறேன். பேடு மட்டும்தான், சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓட்டணும், சத்தமும் டேமேஜும் வேணும்னா ஃபோர்ஸா. வெளிச்சம், மழை, வீல்னா ஜிடி7, யோசிக்கவே வேணாம். முடிவு பண்றதுக்கு முன்னாடி ஃப்ரெண்டு வீட்லயோ கேம் சென்டர்லயோ ரெண்டுலயும் ஒரு ஈர ட்ராக்க போடுங்க, பின்னாடிலேந்து பாக்குற கேமராவ விட்டுட்டு பானெட் வியூ வைங்க, ட்ரைவிங் லைன், பிரேக் சிக்னல் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு ஒரு அஞ்சு ரவுண்டு போங்க. தார பாத்து மட்டும் பிரேக் எடத்த எந்த கேம்ல சீக்கிரம் கண்டுபுடிக்கிறீங்களோ, அத வாங்குங்க.